வெண்ணிலா பேரில் குமாரசாமி போட்ட பின்னல்

குமாரசாமி போர்வெல் வண்டியில் டிரில்லர். இருபத்து நான்கு வருடமாக எட்டு மாநிலங்களில் பூமியைக் குடைந்தவர். மழையில் வழுக்கும் முப்பதடி இரும்புக் கம்பத்தில் ஏறி இறங்கியவர். உடம்பில் ஒரு கீறல் பட்டதில்லை. அப்படிப்பட்டவர் லீவில் ஊருக்கு வந்த நான்காம் நாள், வீட்டுக்குப் பின்னால் நின்ற முருங்கை மரத்தில் ஏறி, ஐந்து காய்க்கு ஆசைப்பட்டு, கிளையோடு கீழே வந்து சேர்ந்தார்.

முருங்கைக் கிளை ஆளைத் தாங்காது என்பது திருச்செங்கோட்டுப் பக்கம் கைக்குழந்தைக்கும் தெரியும். குமாரசாமிக்கும் தெரியும். ஆனால், "தொரட்டி போட்டுப் பறிங்க" என்று மனைவி வெண்ணிலா அடுப்படியிலிருந்து சொல்லிவிட்டாள். அவள் சொன்ன பிறகு தொரட்டியைத் தொட அவருக்கு மனசு வரவில்லை.

வலது காலில் முட்டிக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. மாவுக்கட்டுப் போட்ட டாக்டர் மூன்று மாதம் அசையக் கூடாது என்றார். வண்டி அப்போது ஒடிசாவில் நின்றது. குமாரசாமி கட்டிலில் படுத்தபடி வண்டி டிரைவர் அஸாருதீனுக்குப் போன் போட்டார்.

"அஸாரு, பைக்குல வந்துட்டிருந்தேன். நாயி ஒண்ணு குறுக்க பூந்துருச்சு. அதுக்கொசரம் பிரேக் அடிச்சு உழுந்துபோட்டேன்."

"அய்யய்யோ, நாய்க்கு ஒண்ணும் ஆகலீங்களாண்ணா?"

"நாய்க்கு என்ன ஆகும், அது போயிருச்சு."

பக்கத்தில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த வெண்ணிலா, தலையை நிமிர்த்தாமல், "அந்த நாயி காய்ச்சிருந்துச்சான்னு கேக்கச் சொல்லுங்க" என்றாள்.

வெண்ணிலா பக்கத்து ஊரில் ஒரு தனியார் பள்ளியில் அலுவலகக் கிளார்க். மகள் கனிஷ்கா சேலத்தில் கல்லூரி விடுதியில் இருந்தாள். ஆகவே காலை எட்டேகால் பஸ்ஸுக்கு வெண்ணிலா போனால், மாலை ஐந்தரைக்கு அவள் திரும்பும்வரை வீட்டில் குமாரசாமியும் மாவுக்கட்டும் மட்டும்தான். வருடத்தில் நாற்பது நாள் விருந்தாளி மாதிரி வந்துபோன வீடு அது. எந்தச் சுவரில் எத்தனை பல்லி இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே எண்ணி முடித்துவிட்டார். இரண்டாம் வாரம் குக்கர் விசில் விஷயத்தில் வெண்ணிலாவுக்குத் திருத்தம் சொல்ல ஆரம்பித்தார்.

"பருப்புக்கு நாலு விசில் எச்சு. மூணு போதும்."

"ஏனுங்க, நான் உங்க வண்டிக்கு வந்து எத்தனை அடி போடோணும்னு சொன்னனா?"

அதோடு குக்கர் பேச்சு முடிந்தது.

முதலில் கைக்கு வந்தது தையல் ஊசி. போன் அடிக்கடி கட்டிலிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்க முடியவில்லை. லுங்கிக்கு ஒரு பை இருந்தால் என்ன என்று தோன்றியது. உலகத்தில் இத்தனை கோடி ஆண்கள் லுங்கி கட்டுகிறார்கள், ஒருவனுக்கும் இது தோன்றவில்லையே என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு, பழைய தலையணை உறையில் ஒரு துண்டு வெட்டி, லுங்கியில் வைத்து, அரை நாள் குத்திக் குத்தித் தைத்தார். தைத்து முடித்து லுங்கியை உதறினால் அது விரியவில்லை. பையோடு சேர்த்து லுங்கியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒன்றாகத் தைத்திருந்தார்.

பிரித்துத் திரும்பத் தைத்தார். இந்த முறை பை சரியாக உட்கார்ந்தது. போன் உள்ளே போனது. அடுத்த நாள் கண்ணாடிக்கு ஒரு பை. மறுநாள் தலையணைக்கு மாத்திரைப் பை. கொசுவலைக்கு டார்ச் லைட் பை. அந்த வாரக் கடைசியில் வெண்ணிலா பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடும்போது, இடுப்புக்குப் பக்கத்தில் சேலை மடிப்புக்குள் விரல் எதிலோ நுழைந்தது. பார்த்தால் அங்கேயும் ஒரு பை. பச்சைச் சேலையில் மஞ்சள் நூல் தையல்.

மாலையில் வந்து சண்டைக்குத்தான் நின்றாள். ஆனால் சாவியையும் சில்லறையையும் அந்தப் பையிலிருந்துதான் எடுத்தாள். குமாரசாமி அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்திருந்தால் அன்றைக்குச் சோறு கிடைத்திருக்காது.

குரோஷா வந்தது ஒரு பந்தயத்தில். போன வருடம் சேலத்தில் பொருட்காட்சிக்குப் போன வெண்ணிலா, அங்கே ஒரு பெண் நுனியில் கொக்கி வைத்த ஊசியால் உல்லன் நூலைச் சுழற்றிச் சுழற்றிப் பூப் பூவாகப் போடுவதைப் பார்த்து மயங்கி, ஊசியும் நூலும் வாங்கி வந்திருந்தாள். இரண்டு நாள் போராடினாள். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டிலுக்கடியில் எறிந்தாள். அதை இப்போது ஊன்றுகோலால் துழாவி வெளியே இழுத்தார் குமாரசாமி.

"இத்தனூண்டு கொக்கிக்குத் தோத்துப்போட்டியே அம்மிணி!"

"வாய் பேசறது சுளுவு. நீங்க போட்டுக் காட்டுங்க பாக்கலாம். ஒரு பூ. ஒரே ஒரு பூப் போட்டுட்டா, இந்தக் கட்டு பிரிக்கற வரைக்கும் தினம் நீங்க கேக்கற கொழம்பு."

போனில் தேடினார். தமிழில் சொல்லித்தருகிற பெண் மிக வேகமாகச் செய்தாள். இந்தோரிலிருந்து ஓர் அம்மாள் இந்தியில் நிதானமாகச் சொன்னாள். மத்தியப் பிரதேசத்தில் ஆறு வருடம் போர் போட்டவருக்கு இந்தி வரும். ஆனால் அந்த இந்தியில் குழாய், தண்ணீர், பாறை, டீசல், இன்னும் சில கெட்ட வார்த்தைகள் தவிர அதிகம் கிடையாது. இருந்தாலும் "நூலை இழுக்காதே, தளர விடு" என்று அந்த அம்மாள் சொன்னது புரிந்தது. பாறையில் துளைபோடும் பிட்டை இறக்கும்போது அவர் தன் ஆட்களிடம் சொல்வதும் அதுதான். அழுத்தினால் உடையும், அதன் போக்கில் விட்டால் இறங்கும்.

தடித்த விரல்கள். கிரீஸ் ஏறி ஏறிக் கறுத்த நகங்கள். அவற்றுக்கு நடுவே ரோஸ் கலர் நூல். முதல் நாள் சங்கிலி மட்டும் வந்தது. மூன்றாம் நாள் வட்டமாகப் போட முயன்றார். ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை கண்ணி கூட்ட வேண்டும் என்பதை எண்ணாமல் விட்டதில், வட்டம் படியாமல் ஓரம் தூக்கிக்கொண்டு கிண்ணமாக நின்றது. மாலையில் வெண்ணிலா அதை எடுத்துப் பார்த்தாள்.

"இது என்னங்க?"

"பால் டம்ளருக்கு மூடி."

"பூன்னுதானே பேச்சு?"

"மொட்டு. நாளைக்கு விரியும்."

மறுநாள் அதைப் பிரித்தார். ஒரு நுனியைப் பிடித்து இழுக்க, மூன்று நாள் உழைப்பும் பொலபொலவென்று அவிழ்ந்து மடியில் நூலாக விழுந்தது. குமாரசாமி கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அவர் தொழிலில் இது நடக்காது. எழுநூறு அடி போட்டுத் தண்ணீர் இல்லையென்றால் அந்தக் குழி குழிதான். தோட்டத்துச் சொந்தக்காரர் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். அப்படிப் பார்க்காமல் வந்த முகங்கள் எத்தனையோ. இங்கே தப்பாகப் போட்டால் போட்ட நூல் அப்படியே கைக்குத் திரும்பி வருகிறது. இப்படியும் ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. திரும்ப ஆரம்பித்தார்.

பூ எட்டாம் நாள் வந்தது. ஆறு இதழ், நடுவில் மஞ்சள். ஓர் இதழ் மட்டும் கொஞ்சம் பெருத்திருந்தது. வெண்ணிலா பேச்சு மாறவில்லை. அன்றிரவே தட்டைப்பயிற்றுக் குழம்பு.

பந்தயம் முடிந்தும் ஊசி கீழே இறங்கவில்லை. ஃபிரிட்ஜுக்கு ஒரு விரிப்பு, போனுக்கு ஒரு பை, கதவுக்கு ஒரு தோரணம் என்று வளர்ந்தது. இதில் இன்னொன்றும் நடந்தது. கை வேலையில் இருக்கும்போது காது சும்மா இருந்தது. வெண்ணிலா மாலையில் பள்ளிக்கூடத்துக் கதை சொல்வாள். எந்தக் குழந்தை டி.சி. வாங்கிப்போயிற்று, எந்த டீச்சருக்கும் எந்த டீச்சருக்கும் பேச்சில்லை, வேன் டிரைவர் எதற்காக அழுதார். முன்பு லீவில் வந்தால் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே 'ம்' போடுவார். இப்போது கண்ணி எண்ணிக்கொண்டே கேட்டார். நாலாம் நாள், "அந்தக் கணக்கு டீச்சர் சமாதானமாயிட்டாங்களா?" என்று அவராகவே கேட்க, வெண்ணிலா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

வினை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டு முத்தாயம்மாளின் மகன் எட்டு விசைத்தறி ஓட்டினான். தறி ஓடுகிற சத்தத்தில் மற்றவர்களுக்குக் காது மந்தமாகும். முத்தாயம்மாளுக்கு அதற்கு ஈடாகக் கண் கூர்மையாகியிருந்தது. தெருவில் யார் வீட்டில் புது டம்ளர் வாங்கினாலும் அவளுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வந்தவள், காலைப் பார்க்காமல் ஃபிரிட்ஜைப் பார்த்தாள்.

"இதாரு போட்டது? கடையில வாங்குனதா?"

குமாரசாமி ஊசியைத் தலையணைக்கடியில் தள்ளினார். இந்தக் கதை தெருவுக்குப் போனால் திருச்செங்கோட்டுக்குப் போகும். திருச்செங்கோட்டுக்குப் போனால் போர்வெல் ரிக் ஆபீசுக்குப் போகும். ரிக் ஆபீசுக்குப் போனால் காஷ்மீர்வரை போகும்.

"எல்லாம் வெண்ணிலா போட்டதுங்கக்கா" என்றார்.

வெண்ணிலா வாயைத் திறந்தாள். கணவர் கட்டிலிலிருந்து கும்பிடாத குறையாகக் கண்ணால் கெஞ்சினார். வாயை மூடினாள்.

"அட, நம்ம வெண்ணிலாவா! உனக்கு இவ்ளோ பொறுமை இருக்கும்னு நான் நெனைக்கவே இல்லையே சாமி!"

"எனக்கே தெரியாதுங்கக்கா" என்றாள் வெண்ணிலா.

முத்தாயம்மாள் அடுத்த நாளே தறியில் மிஞ்சிய நூல் கண்டுகள் ஒரு கட்டைப்பை நிறையக் கொண்டுவந்து வைத்தாள். "சும்மா கெடக்குது. போட்டுக்க. எனக்கு ஒரு சுருக்குப்பை மட்டும் போட்டுக் குடு." தெருவில் பரவியது. பள்ளிக்கூடத்தில் பரவியது. கணக்கு டீச்சருக்குப் போன் பை, தமிழ் டீச்சருக்கு மேசை விரிப்பு, பெரிய மேடம் என்று எல்லோரும் சொல்லும் தலைமையாசிரியைக்குத் தோள்பை. முதலில் கூசிய வெண்ணிலாவுக்குப் புகழ் மெல்ல மெல்லப் பிடித்துவிட்டது. ஒருநாள் வாசலில் முத்தாயம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தபோது மணிக்கட்டை உதறி, "கை வலி உசுரு போகுதுங்கக்கா, நேத்தெல்லாம் முந்நூறு கண்ணி" என்றாள். உள்ளே முந்நூறையும் போட்டவர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறியது.

"ஏம்மா, கை வலிக்குத் தைலம் தேச்சு விடட்டுமா?" என்றார் அவள் உள்ளே வந்ததும்.

"பேசாம போடுங்க. சயின்ஸ் டீச்சருக்கு வெள்ளிக்கெழமைக்குள்ள வேணுமாம்."

"நான் ஸ்ட்ரைக்கு."

"அப்படியா? அஸாருதீன் நம்பர் என்ற போன்லயும் இருக்குது. எந்த நாயி குறுக்க வந்துச்சுன்னு சொல்லிப்போடட்டுமா?"

ஸ்ட்ரைக் அரை நிமிடம் நடந்தது. ஆனால் குமாரசாமி சும்மா அடங்குகிற ஆள் இல்லை. பேர் அவளுக்குப் போனால் போகட்டும், குசும்பு தன்னுடையதாக இருக்கட்டும் என்று முடிவுசெய்தார். முத்தாயம்மாள் கேட்ட சுருக்குப்பையை ஆந்தை வடிவத்தில் போட்டார். பழுப்பு உடம்பு, சின்ன மூக்கு, மூடியே பழகாத இரண்டு பெரிய வெள்ளைக் கண்கள். வெண்ணிலா அதைப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவிய கண்டுபிடிச்சா நான் தெருவுல தலை காட்ட முடியாதுங்க." முத்தாயம்மாளோ அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அழகா இருக்குது சாமி. ஆரையோ பாத்த மாதிரியே இருக்குது, ஆருன்னுதான் தெரியல" என்றபடி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

மூன்றாம் மாதக் கடைசியில் பெரிய மேடம் வெண்ணிலாவைக் கூப்பிட்டார். பள்ளியில் பெற்றோர் நாள் வருகிறது. கைவேலைக் கண்காட்சி வைக்கிறார்கள். தாய்மார்களுக்கு வெண்ணிலா மேடையில் ஒரு மணி நேரம் குரோஷா சொல்லித்தர வேண்டும். நாற்பது ஊசிக்குச் சொல்லியாயிற்று. அழைப்பிதழிலும் பேர் அச்சாகிவிட்டது. 'கைவினைக் கலைஞர் திருமதி கு. வெண்ணிலா.'

குமாரசாமி அழைப்பிதழை வாங்கி ஒருமுறை படித்தார். பிறகு சத்தமாகப் படித்தார். பிறகு கட்டில் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. ஆரு ஆரம்பிச்சது? நீங்கதானே 'வெண்ணிலா போட்டது'ன்னு சொன்னீங்க?"

"கை வலின்னு நானா சொன்னேன்?"

பதினொரு நாள் இருந்தது. தினமும் மாலையில் பாடம் நடந்தது. வெண்ணிலா ஆபீசில் கோப்பு கட்டுகிற கை. நூலை இழுத்து இறுக்கி முடிச்சாக்கினாள். "ஏம்மா, இது நூலு. கட்டுத்தறியில மாடு கட்றியா?" என்பார். "நீங்க வாத்தியாரா போயிருந்தா ஒரு புள்ளையும் படிச்சிருக்காது" என்பாள். இரண்டு முறை ஊசி பறந்து போய்ச் சுவரில் பட்டது. ஒருமுறை நூல் கண்டு அவர் தலையில் பட்டது. அவளுக்குச் சங்கிலி மட்டும் வந்தது. கோபத்தில் அதையே போட்டுக்கொண்டு போனாள். ஏழாம் நாள் அளந்து பார்த்தபோது அந்தச் சங்கிலி வாசலிலிருந்து அடுப்படிவரை வந்து, அங்கிருந்து திரும்பிப் பாதித் தூரம் போனது. வட்டம் வரவே இல்லை.

"போச்சாது விடு. ஒரு மணி நேரமும் சங்கிலியே சொல்லிக் குடு. அதுவே அவிங்களுக்கு வராது" என்றார் குமாரசாமி. அதற்குள் மாவுக்கட்டுப் பிரித்தாயிற்று. ஊன்றுகோலோடு நடந்தார். நிகழ்ச்சியை நேரில் பார்க்காமல் விடுவதாக இல்லை.

பள்ளி அரங்கத்தில் மூன்றாம் வரிசையில் இடம் பிடித்தார். பக்கத்தில் முத்தாயம்மாள். பேத்தி அங்கே படிக்கிறாள் என்பது அவள் சொன்ன காரணம். மடியில் ஆந்தை. மேடையில் வெண்ணிலா நீலப் பட்டுச் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கீழே நாற்பது தாய்மார்கள் ஆளுக்கொரு ஊசியோடு. பின்வரிசைகளில் தகப்பன்மார்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினைந்து நிமிடம் எல்லாம் சரியாகவே போனது. சங்கிலியை வெண்ணிலா நன்றாகச் சொல்லித்தந்தாள். பதினொரு நாள் திட்டு வாங்கியதில் எங்கெங்கே தப்பு வரும் என்பது அவளுக்கு அத்துப்படி. பிறகு முன்வரிசையில் சிவப்புச் சேலை கட்டிய ஒரு தாய் எழுந்தாள்.

"சங்கிலி வந்துருச்சுங்க மேடம். நீங்க போட்ட பையில அடியில வட்டமா வருதில்லீங்களா, அது எப்படீங்க?"

"ஆமாங்க, வட்டம் சொல்லிக் குடுங்க!" என்றார்கள் நாலு பேர்.

வெண்ணிலா மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். குமாரசாமி மின்விசிறியை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் மூன்று இறக்கை இருந்தது. உதடு மட்டும் ஒரு பக்கம் துடித்தது. அந்தத் துடிப்பை அவள் பார்த்துவிட்டாள். இருபத்திரண்டு வருடம் பார்த்த உதடு.

அவள் மைக்கைக் கையில் எடுத்தாள்.

"வட்டம் எனக்கு வராதுங்க" என்றாள். "சங்கிலியே போன வாரந்தான் வந்துச்சு. கண்காட்சியில இருக்கற பையி, பெரிய மேடம் தோள்ல இருக்கற பையி, எல்லாம் போட்டது எங்க ஊட்டுக்காரருங்க. போர் வண்டியில டிரில்லரு. அந்தா, மூணாவது வரிசையில ஃபேனைப் பாத்துட்டு உக்காந்திருக்காரு பாருங்க, அவருதான்."

நாற்பது தாய்மார்களும் திரும்பினார்கள். தகப்பன்மார்கள் போனை இறக்கினார்கள். வெண்ணிலா இன்னும் முடிக்கவில்லை.

"முருங்கை மரத்துல இருந்து உழுந்து மூணு மாசம் ஊட்டுல இருந்தாருங்க. அப்பக் கத்துக்கிட்டாரு."

நாய்க் கதையும் போயிற்று. குமாரசாமிக்குக் காது மடல் சுட்டது. எழுந்து வெளியே போய்விடலாம் என்றால் கால் விடாது. பக்கத்தில் முத்தாயம்மாள் மெல்லத் திரும்பினாள். முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த ஆந்தையைப் பார்த்தாள். திரும்ப அவரைப் பார்த்தாள்.

"அப்ப இதுக்கு இத்தாச்சோட்டுப் பெரிய கண்ணு வெச்சது நீதானா?"

"பாத்ததைத்தானுங்கக்கா போட்டேன்."

முத்தாயம்மாள் அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நிற்க, அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போ, மேல போயிச் சொல்லிக் குடு. உனக்கு ஊட்ல வெச்சுக்கறேன்" என்று ஊன்றுகோலை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

மேடைக்குப் படி நான்கு. முப்பதடிக் கம்பத்தில் ஏறியவர் அந்த நான்கையும் ஊன்றுகோலோடு ஒவ்வொன்றாக ஏறினார். வெண்ணிலா எழுந்து நாற்காலியைக் காலி செய்து, ஊசியை அவரிடம் நீட்டினாள். அவள் முகத்தில் பெரிய நிம்மதியும் அதைவிடப் பெரிய கொண்டாட்டமும் தெரிந்தன.

நூல் விரலில் ஏறியதும் மற்றதெல்லாம் மறந்தது. கம்பிரசர் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய குரல் அது. மைக் தேவைப்படவில்லை.

"முதல் சுத்து ஆறு கண்ணி! ரெண்டாவது சுத்து பன்னண்டு! எண்ணாம போட்டீங்கன்னா கிண்ணந்தான் வரும், நான் போட்டுப் பாத்துட்டேன்! அக்கா, செவப்புச் சேலைக்கா, இழுக்காதீங்க, லூசு உடுங்க! ம்ம், இப்ப எறக்குங்க!"

சைட்டில் ஆட்கள் கேட்பதுபோல நாற்பது பேரும் கேட்டார்கள். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பெரிய மேடம் எழுந்து போய் அவர் கையில் ஓர் ஊசியைக் கொடுத்தார். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மாட்டிக்கொண்டு முழித்தார். பத்து நிமிடம் கழித்து, "இங்க ஒரு கண்ணி உட்டுப்போச்சுங்கண்ணா" என்று அவரே எழுந்து கேட்டார். அவர் முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருப்பவராம். எண்ணுவது அவருக்கு நன்றாக வந்தது. எல்லோருக்கும் முன்னால் வட்டத்தை முடித்தவர் அவர்தான்.

வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் திரும்பினார்கள். பாதி வழியில் குமாரசாமி, "முருங்கை மரத்தை எதுக்கு இழுத்த?" என்றார்.

"அந்த உதடு துடிச்சிருக்காட்டி இழுத்திருக்க மாட்டேன்."

அது நியாயம் என்று அவருக்கே பட்டது.

ஒரு டீச்சர் எடுத்த வீடியோ கனிஷ்காவுக்குப் போய், அவள் பெருமையோடு எங்கெங்கோ அனுப்ப, மறுநாள் காலை ஒடிசாவிலிருந்து போன் வந்தது.

"அண்ணா" என்றான் அஸாருதீன். குரல் மிகவும் பணிவாக இருந்தது. பின்னால் பத்துப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது கேட்டது. "அந்த நாயி மரத்துல என்னங்கண்ணா பண்ணுச்சு?"

அடுத்த இரண்டு நாள் அந்தப் போனை எடுக்கவே அவர் பயந்தார். ஆளுக்கு ஆள் கூப்பிட்டார்கள். ஒருவன் குரைத்தான். இன்னொருவன் தன் சட்டைக்குப் பட்டன் தைத்துத்தர முடியுமா என்று கேட்டான். குழிக்குள் இறக்கும் கேசிங் பைப்புக்கு உறை வேண்டும், எட்டு அங்குலம், ரோஸ் கலர் என்றான் மூன்றாமவன். குமாரசாமி தனக்குத் தெரிந்த இந்தியெல்லாம் பேசிப் போனை வைத்தார்.

மூன்றாம் நாள் அஸாருதீன் தனியாகக் கூப்பிட்டான். யாரும் பக்கத்தில் இல்லை போலிருந்தது.

"அண்ணா, கிண்டலு இல்லீங்க. என்ற சம்சாரம் ஆலியாவுக்கு அடுத்த மாசம் கொழந்தை பொறக்கும்னு டாக்டரு சொல்லியிருக்காங்க. நான் அப்ப வர முடியுமோ என்னமோ தெரியல. ஒரு தொப்பி... சின்னதா... நான் குடுத்துவிட்ட மாதிரி இருக்கட்டும்."

கனிஷ்கா பிறந்தபோது குமாரசாமி சத்தீஸ்கரில் ஒரு கரிசல் காட்டில் இருந்தார். குழந்தைக்கு நாற்பத்தொரு நாள் ஆன பிறகுதான் முகம் பார்த்தார்.

"என்ன கலர் வேணும்?" என்றார்.

குழந்தைத் தலை எவ்வளவு இருக்கும் என்பது இருவருக்கும் தெரியவில்லை. வெண்ணிலா அடுப்படியிலிருந்து வந்து, ஒரு தேங்காயை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். தேங்காய் அளவுக்கே தொப்பி போட்டார். வெள்ளையில், ஓரத்தில் பச்சை. உறுத்தாமல் இருக்க முடிச்சையெல்லாம் வெளிப்பக்கம் வைத்தார். நான்கு முறை பிரித்துப் போட்டார். குழந்தை பிறந்த மூன்றாம் நாள் ஆலியா படம் அனுப்பினாள். தொப்பி சரியாக இருந்தது. குழந்தைக்கு அது பிடித்த மாதிரி தெரியவில்லை. வாயை அகலத் திறந்து அழுதுகொண்டிருந்தது.

டாக்டர் ஓடலாம் என்று சொன்ன வாரமே அவர் வண்டிக்குக் கிளம்பினார். வெண்ணிலா பையைக் கட்டிக் கொடுத்தாள். சட்டைக்கு அடியில் எட்டு நூல் கண்டு இருந்தது. அவளுக்கு இப்போது வட்டமும் வந்துவிட்டது. அதை அவரிடம் சொல்லாமலே ரகசியமாக ஏதோ போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டால், "கைவினைக் கலைஞரைக் கேள்வி கேக்காதீங்க" என்றாள். பஸ் ஏறுகிறவரை அது என்னவென்று அவள் காட்டவில்லை.

போர் வேலையில் பாதி நேரம் காத்திருப்பதுதான். உதிரிப் பாகம் வர வேண்டும், மழை நிற்க வேண்டும், இடத்துக்காரர் நல்ல நேரம் பார்த்து வர வேண்டும். முன்பு அந்த நேரத்தில் சீட்டு ஆடினார்கள். குமாரசாமி வந்த பிறகு வண்டி நிழலில் உட்கார்ந்து நூலை எடுப்பார். முதல் நாள் சுற்றி நின்று குரைத்தார்கள். இரண்டாம் நாள் சமையல்காரர் பிளாஸ்குக்கு ஓர் உறை கேட்டார். ஒரு மாதத்தில் ஸ்டீயரிங்குக்கு உறை, தண்ணீர் கேனுக்கு உறை, கியர் தண்டின் தலைக்கு மஞ்சள் குல்லாய். பட்டன் தைத்துக் கேட்டவன் தானே ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டு, ஊரில் இருக்கும் அம்மாவுக்கென்று கோணல்மாணலாக ஒரு பை போட்டு முடித்தான்.

அந்தச் சமயத்தில் திருச்செங்கோட்டிலிருந்து ரிக் முதலாளி வண்டியைப் பார்வையிட வந்தார். சிரித்து யாரும் பார்த்திராத ஆள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். கேபினில் ஏறினார். ஸ்டீயரிங்கைப் பார்த்தார், கியரின் குல்லாயைப் பார்த்தார், பேசாமல் கீழே இறங்கினார். ஆட்களெல்லாம் வரிசையாக நின்றார்கள். முதலாளி குமாரசாமியைத் தனியாக அழைத்துப் போய், வேப்பமரத்தடியில் நிறுத்தி, தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்ப்பா, என்ற காருக்கும் ஒண்ணு போட்டுத் தாரியா? மெரூன்ல வேணும்."

"தாரேனுங்க முதலாளி" என்றார் குமாரசாமி. "ஆனா உங்களுக்கு முன்னால ஏழு பேரு இருக்காங்க."